தைக்கும் கை, நடக்கும் கால்

மலைப் பாதைகள் பெருகிவிட்டன. முதுகுப் பைகள் மட்டும் வெளியூரிலிருந்தே வருகின்றன. சென்னையில் ஒரு சிறு தயாரிப்பாளர் தலையெடுக்க என்ன வேண்டும்? அவர் வளர்ந்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ஒட்டிய வீதி. வெள்ளிக்கிழமை மாலை. ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் வைத்தால் நிறைந்துவிடும் பை ரிப்பேர் கடை. கல்லூரி மாணவி ஒருத்தி தன் உயரத்தில் பாதி இருக்கும் முதுகுப் பையை இறக்கி வைக்கிறாள். ராத்திரி பஸ், விடிந்தால் மலை. ஜிப் மூட மாட்டேன் என்கிறது.

“அண்ணா, ஜிப் முழுசா மாத்தணுமா?”

கடைக்காரர் ஜிப்பின் பற்கள் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். “பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. ரன்னர்தான் தேஞ்சிருக்கு.” ஓரத்துத் தையலை பிளேடால் பிரித்து, பழைய ரன்னரை உருவிவிட்டுப் புதியதைக் கோக்கிறார். இரண்டு முறை இழுத்துப் பார்த்து, ஓரத்தை மறுபடி தைக்கிறார். வேலை முடிந்தது. ஆனால் பையைக் கொடுக்காமல் உள்பக்கத்தைப் புரட்டுகிறார். உள்ளங்கையில் வெள்ளைச் செதில்கள் ஒட்டுகின்றன. “உள்பூச்சு உரியுது. மழைக்குத் தாங்காது, மேல கவர் போட்டுக்கோ.” தோள்பட்டை நாடா பையோடு சேரும் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறார். “இங்கதான் எல்லாப் பையும் பிய்யும். இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டியிருக்கணும்.” சொல்லிக்கொண்டே அந்த இரண்டு ஓட்டையும் ஓட்டிவிடுகிறார்.

பை எங்கே பிய்யும் என்று அந்தக் கைக்குத் தெரியும். ஏற்றத்தில் எந்த இடத்தில் தோள் வலிக்கத் தொடங்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஒரு நல்ல பையை உருவாக்க இந்த இரண்டு அறிவும் வேண்டும். இரண்டும் சென்னையில் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் ரிப்பேர் கடை வாசலில் சில நிமிடங்கள் சந்தித்துக்கொள்வதோடு சரி. பை வரையப்படுவதும் தைக்கப்படுவதும் வேறெங்கோ.

■ பாதை திறந்தது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு, வனப் பகுதிகளில் மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா என்ற பழைய குழப்பம் போய், வார விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குப் போவது சாதாரணமாகிவிட்டது.

உற்சாகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 மே மாதம், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழகப் பெண்களில் அவரே முதலாமவர். அதே மாதம் கோவளத்தைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் ராஜசேகர் பச்சையும் உச்சி ஏறினார். கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் பனிமலை எட்டாத தூரம் இல்லை என்று இந்த இருவரும் காட்டினார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் மலை ஏறுபவர்களைக் கணக்கெடுத்தால் ட்ரெக்கிங் குழுக்கள் சிறுபான்மைதான். மாசி முதல் வைகாசி வரை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கில் தடியோடு இரவில் ஏறும் கூட்டம், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரி போகும் கூட்டம், பர்வதமலையின் செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் கூட்டம்: இவர்கள்தான் நம் பெருந்திரளான மலையேற்றக்காரர்கள். இவர்களின் தேவையைக் கேட்டு ஒரு பையோ, ஒரு மழைக்கோட்டோ, நெற்றியில் கட்டும் ஒரு விளக்கோ வடிவமைக்கப்பட்டதாகக் கடையில் காணோம். துணிப்பையிலும் பள்ளிக்கூடப் பையிலும் சாமான்களைத் திணித்துக்கொண்டு, ஒரு கையில் தடி, மறு கையில் டார்ச் என்று ஏறுகிறார்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பைக்குப் பஞ்சமில்லை. கூரையிலிருந்து தரை வரை தொங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த ஊரில், யார் தைத்தது என்று சொல்லாத பைகள். விலை உயர்ந்த பக்கம் போனால், பெங்களூரைச் சேர்ந்த வைல்ட்கிராஃப்ட் அல்லது பிரான்ஸ் நாட்டு டெகாத்லான். நடுவில் இருக்கிற இடம் காலி. அந்தக் காலியிடம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

■ பெங்களூரில் நடந்தது

நம் அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1990-களில் பெங்களூரில் தினேஷ் கைகோனஹள்ளி என்ற சாகச விளையாட்டு ஆர்வலர், தன் தேவைக்கேற்ற கூடாரம் இங்கே கிடைக்கவில்லை என்பதால் தானே ஒன்றைத் தயாரித்தார். கவிழ்த்த கிண்ணம்போல நிற்கும் ‘டோம்’ வகைக் கூடாரம் அது. அதிலிருந்து முளைத்ததுதான் வைல்ட்கிராஃப்ட். 1998-ல் அது நிறுவனமாக உருவெடுத்தது. சித்தார்த் சூத், கௌரவ் துப்லிஷ் ஆகியோர் தோள் கொடுத்தார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் போகிற சிறு வட்டத்துக்குத் தைத்துக்கொடுத்த கடை, 2000-களின் பிற்பகுதியிலிருந்து வேகம் பிடித்தது. 2013-ஐ ஒட்டி சிகோயா கேப்பிட்டல் முதலீடு செய்தது. பிறகு நகரங்கள்தோறும் ஷோரூம்கள் வந்தன.

அந்த வளர்ச்சி எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். கூடாரம் விற்று யாரும் அவ்வளவு பெரிதாக வளர முடியாது, வாங்குபவர்கள் குறைவு. மலைக்காகக் கற்ற தொழில்நுட்பத்தை நகரத்துக்குத் திருப்பினார்கள். லேப்டாப் வைக்கும் கல்லூரிப் பை, பைக்கில் போகிறவருக்கு மழைக்கோட்டு, தினமும் அணியும் காலணி என்று விரிந்தார்கள். மலை பெயரைத் தந்தது. நகரம் விற்பனையைத் தந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பைக்குப் பழகிய அதே தையல் வரிசைகள் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் திரும்பின. சொந்தமாகத் தைக்கத் தெரிந்த நிறுவனம் என்பதால் அது முடிந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கை இறக்குமதி செய்யும் நிறுவனம் அன்று கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருக்கும்.

▣ பெட்டிச் செய்தி: தன் தேவைக்குத் தானே தயாரித்தவர்கள்

• இவான் ஷூனார், அமெரிக்கா: பாறை ஏறுபவர். 1957-ல் பழைய கொல்லுலை ஒன்றை வாங்கி, கொல்லு வேலையைத் தானே கற்று, பாறை இடுக்கில் அடிக்கும் எஃகு ஆணிகளைத் தயாரித்தார். காரின் டிக்கியில் வைத்து விற்றார். 1973-ல் பேட்டகோனியா நிறுவனம் பிறந்தது.

• மைக் ஃபோட்டன்ஹாவர், அமெரிக்கா: 1974-ல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில், வாங்குபவரின் முதுகை அளந்து பை தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் ஆஸ்ப்ரே.

• தினேஷ் கைகோனஹள்ளி, பெங்களூர்: ஒரு கூடாரத்தில் தொடங்கியது, 1998-ல் வைல்ட்கிராஃப்ட் ஆனது.

மூவருக்கும் பொதுவான விஷயம், தயாரித்தவரே முதல் வாடிக்கையாளர்.

■ நம்மிடம் என்ன இல்லை?

இல்லாததைத் தேடிப் புறப்பட்டால், இருப்பதன் பட்டியல்தான் நீள்கிறது.

அடையாறில், 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்த ஆய்வு இந்த நிறுவனத்தினுடையது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று அது உறுதிசெய்தது. அகலம் போதாத ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, நீளத்தில் தொளதொளவென்று நடக்கிறோம். இறக்கத்தில் கால் முன்னுக்குச் சரிந்து விரல் நகம் கறுத்துப்போவது மலைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் அளவுமுறைக்கு மாற்றாக ‘பா’ என்ற இந்திய அளவுமுறை முன்வைக்கப்பட்டிருக்கிறது. நம் பாதத்துக்கேற்ற மலையேற்றக் காலணிக்கான அடிப்படை அறிவு, அடையாறிலேயே காத்திருக்கிறது.

சற்றுத் தள்ளிப் போனால் கிண்டி தொழிற்பேட்டை. 1958-ல் திறக்கப்பட்ட அது, சிறுதொழிலுக்கென்றே அமைந்த இடம். தரமணியில் நிஃப்ட் ஆடை வடிவமைப்புக் கல்லூரி. தாம்பரத்தில் 1984 முதல் ஏற்றுமதி மண்டலம். ஆவடியில் 1961 முதல் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலை. மணலியில் டயருக்கான நைலான் நூல்துணி தயாராகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் காலணிகள் உலகம் சுற்றுகின்றன. செய்யாறில் தைவான் நாட்டு நிறுவனத்தின் ஆலை நைக்கி ஷூக்களைத் தயாரிக்கிறது. திருப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துணி ஆய்வுக்குக் கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ரா இருக்கிறது. அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிய மண் இது.

இவை அத்தனையும் மலையேற்றப் பைக்கும் காலணிக்கும் வேண்டிய உறுப்புகள். தனித்தனியே உயிரோடு இருக்கின்றன. ஒரே உடம்பாகச் சேரவில்லை.

■ ஒரு பையைப் பிரித்தால்

ஏன் சேரவில்லை என்பது 50 லிட்டர் பை ஒன்றைப் பிரித்துப் போட்டால் புரியும். பல டஜன் வெட்டுத் துண்டுகள். வெளித்துணி, உள்துணி, முதுகில் காற்றுப் போக வலைத்துணி, தோளுக்கும் இடுப்புக்கும் இரண்டு அடர்த்தியில் ஃபோம், நிமிர்ந்து நிற்க அலுமினியப் பட்டை, வெவ்வேறு அகலத்தில் நாடாக்கள், கிளிப்புகள், ஜிப்புகள், ரன்னர்கள். இதில் தையல் மட்டும்தான் நம் ஊரில் உடனே கிடைக்கும். பூச்சுத் துணியும் தரமான கிளிப்பும் பெரும்பாலும் சீனா, தைவான், வியட்நாம் பக்கம் பார்க்க வைக்கின்றன.

அங்கேதான் சிறு தயாரிப்பாளர் முட்டிக்கொள்கிறார். ஆலைகள் சில்லறையாகத் துணி தருவதில்லை. உதாரணத்துக்கு, ஒரு நிறத்துக்குக் குறைந்தது 1,000 மீட்டர் என்று ஆலை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைக்கு 2 மீட்டர் என்றால் அது 500 பை. நீலம், பச்சை, கறுப்பு என மூன்று நிறம் வேண்டுமென்றால் 1,500 பை. ஒரு பைகூட விற்காத நிலையில் இத்தனை துணிக்கும் முன்பணம் கட்ட வேண்டும். கிளிப்புக்கு அச்சுச் செலவு தனி. சரக்கு வந்து, வெட்டி, தைத்து, கடைக்குக் கடனுக்குப் போட்டு, பணம் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இடையில் காட்டுத்தீக் காலம் வந்தால் பாதைகள் மூடப்படும், விற்பனை படுத்துவிடும்.

ஆகவே, தைக்கத் தெரிந்தவர் பாதுகாப்பான வழியைப் பிடிக்கிறார். ஜாப் ஒர்க். யாரோ துணி தருவார்கள், யாரோ பேட்டர்ன் தருவார்கள், பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பார். நஷ்டம் இல்லை, ஆனால் பெயரும் இல்லை, பை பற்றிய முடிவும் அவர் கையில் இல்லை. ஆர்டர் நின்றால் மெஷின் நிற்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூர் பட்ட பாட்டை நாடே பார்த்தது. அடுத்தவர் லேபிளுக்குத் தைக்கும் தொழில், அடுத்த நாட்டின் ஒரு கையெழுத்தில் ஆடிப்போகிறது.

▣ பெட்டிச் செய்தி: பை வாங்கும்முன் பாருங்கள்

• டெனியர்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. எண் கூடினால் நூல் தடிமன். பையின் எடையும் கூடும். அடிப்பாகத்துக்கு அதிக டெனியர், மற்ற இடத்துக்குக் குறைவு என்பதே நல்ல வடிவமைப்பு.

• ரிப்ஸ்டாப்: துணியில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். தடித்த நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும்.

• நீர்த்தாங்கும் அளவு: எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் துணி கசியாமல் தாங்கும் என்பது. துணி தாங்கினாலும் தையல் துளை வழியாக நீர் இறங்கும். தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று உள்ளே பாருங்கள்.

• பார்டேக்: நாடா சேருமிடத்தில் நெருக்கமாக ஓடும் குறுக்குத் தையல். இது இல்லாத பை சீக்கிரம் பிய்யும்.

• இடுப்பு பெல்ட்: பாரத்தின் பெரும்பங்கை இடுப்பு எலும்பு தாங்க வேண்டும். கடையிலேயே எடை போட்டு மாட்டிப் பாருங்கள்.

■ வளர்ந்தால் என்ன மாறும்?

முதல் மாற்றம், நம் தட்பவெப்பத்துக்கு ஒரு பை. பையின் உள்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். வெப்பமும் ஈரக் காற்றும் சேர்ந்து அதை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். சென்னையில் பரண்மேல் போட்டுவைத்த பையும், டப்பாவில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகமும் பயன்படுத்தாமலேயே கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். குளிர்நாட்டில் சோதித்த பொருள், ஆண்டெல்லாம் புழுங்கும் ஊரில் அதே ஆயுளோடு இருக்காது. ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் பாலியீத்தர் வகைப் பூச்சும், சிலிக்கான் பூச்சும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்பவர் பெசன்ட் நகர் உப்புக் காற்றில் துருப்பிடித்த ரன்னரைக் கண்ணால் பார்த்தவராக இருந்தால், அவர் தேர்வு வேறாக இருக்கும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. இதைவிடக் கறாரான சோதனைக் கூடம் வேண்டுமா?

இரண்டாவது, புதிய வாடிக்கையாளர்கள். இரவில் வெள்ளியங்கிரி ஏறும் பக்தருக்கு, தடி பிடிக்கக் கை காலியாக இருக்க நெற்றி விளக்கும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் போர்வையும், தண்ணீர் பாட்டிலை அடிவாரத்துக்கே திருப்பிக் கொண்டுவர ஒரு பக்கப் பையும் போதும். விலை சில நூறு ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு, பத்து மணி நேரம் சுமந்தாலும் முதுகு எரியாத பை வேண்டும். கடலுக்குப் போகும் மீனவருக்கு, போனும் அடையாள அட்டையும் நனையாத உறை வேண்டும். வெயிலிலும் மழையிலும் நின்று உழைக்கும் இவர்களே இந்த ஊரின் மிகப் பெரிய ‘அவுட்டோர்’ சமூகம். ஐரோப்பியப் பனிமலையை மனதில் வைத்து வரைந்த பொருளை நகலெடுப்பவருக்கு இந்தச் சந்தை கண்ணில் படாது. பக்கத்திலேயே வாழ்பவருக்குப் படும்.

மூன்றாவது, வேலை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறது மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. ஏற்றுமதி ஆலையில் வருடக்கணக்கில் தைத்துப் பழகி, குழந்தை பிறந்ததும் ஷிஃப்டுக்குப் போக முடியாமல் வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பை தைப்பது சட்டை தைப்பதைவிடக் கடினமான வேலை. தடித்த நாடாவும் ஃபோமும் சேர்ந்த இடத்தில் ஊசி நேராக இறங்க அனுபவம் வேண்டும். அதனால்தான் அது தேர்ந்த கைக்கு உரிய வேலையாகவும், அதற்கேற்ற கூலி கேட்கத் தகுந்த வேலையாகவும் இருக்கிறது. வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருபது மெஷின் கொண்ட ஒரு பட்டறை இயங்கினால், அந்தத் திறமை வீணாகாது.

நான்காவது, ரிப்பேர். தயாரிப்பாளர் உள்ளூரில் இருந்தால் கிளிப் உடைந்த பையைத் தூக்கி எறிய வேண்டாம். அதே கிளிப், அதே நிறத் துணி அவரிடம் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பணம் மிச்சம். தயாரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய லாபம்: எந்தப் பை எங்கே பிய்ந்தது என்ற தகவல் மேசைக்கே வந்து சேரும். அடுத்த தொகுதியில் அந்த இடத்தில் தையல் கூடும். வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும் செலவு செய்து திரட்டும் இந்தத் தகவலை, மயிலாப்பூரின் ரிப்பேர் கடைகள் ஒவ்வொரு நாளும் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கின்றன.

▣ பெட்டிச் செய்தி: தொடங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

• 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனம் என்றால் முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள். சிறு நிறுவனம் என்றால் முதலீடு 25 கோடிக்குள், விற்றுமுதல் 100 கோடிக்குள்.

• 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு.

• தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் கிடைக்கும்.

• மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு.

■ வளர்ச்சி கேட்கும் விலை

வளர்ச்சி எல்லாம் நன்மை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ஆஸ்ப்ரேயின் கதையைப் பாருங்கள். 1990-ல் அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு இடம் மாறி, அந்த வட்டாரத்து நவஹோ பழங்குடிப் பெண்களை வேலைக்கு எடுத்தது. தேர்ந்த தையல்காரர்கள் அவர்கள். ஆனால் 2000-களில் தையல் வியட்நாமுக்குப் போனது. நிறுவனம் செழித்தது, 2021 இறுதியில் ஏறத்தாழ 41 கோடி டாலருக்கு வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. பையின் தரம் குறையவில்லை. ஆனால் அந்தச் சிற்றூரின் மெஷின்கள் ஓய்ந்தன. பெயர் வளர்ந்தபோது கைகள் கூடவே வளரவில்லை.

இவான் ஷூனார் வேறு வழியில் போனார். 1970-க்குள் அவரது நிறுவனம் அமெரிக்காவின் மிகப் பெரிய பாறையேற்றக் கருவி விற்பனையாளர். அப்போதுதான், தான் விற்கும் எஃகு ஆணிகள் அடித்து அடித்துப் பாறையையே சிதைக்கின்றன என்று கண்டார். வருமானத்தின் தூணாக இருந்த அந்தப் பொருளிலிருந்து 1972-ல் பின்வாங்கி, கையாலேயே செருகி எடுக்கும் அலுமினியக் கட்டைகளை முன்வைத்தார். வியாபாரம் படுத்துவிடவில்லை, மலையேறுபவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். 2022 செப்டம்பரில் பேட்டகோனியாவில் தன் குடும்பத்துக்கு இருந்த உரிமையையும் சூழலியல் பணிக்கென அமைத்த அறக்கட்டளைக்கும் அமைப்புக்கும் எழுதிவைத்தார். தன் பொருள் மலைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதும் தயாரிப்பாளரின் வேலைதான் என்பதை இந்தத் தொழிலுக்கு அவர் கற்றுக்கொடுத்தார்.

நமக்கு அந்தப் பாடம் இப்போதே தேவை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் கிழிந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள் புதர்களில் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு மழைக்கு உடுத்தி, இறங்கும்போது எறிந்துவிட்டுப் போனவை. குறைந்த விலையில் நிறைய விற்பதை மட்டும் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால், நம் ஊர்த் தயாரிப்பாளரும் அந்தப் புதரில் இன்னும் நான்கு மழைக்கோட்டுகளைச் சேர்ப்பார், அவ்வளவுதான்.

பெரிய போட்டியாளரும் சும்மா இருக்கவில்லை. 2009-ல் பெங்களூரில் முதல் கடையைத் திறந்த டெகாத்லான், இந்தியாவிலிருந்து வாங்கும் சரக்கை 2030-க்குள் 300 கோடி டாலர் அளவுக்கு உயர்த்தப்போவதாக 2025-ல் அறிவித்தது. இங்கே துணியும் கிளிப்பும் ஜிப்பும் தயாரிப்பவர்கள் பெருக இது உதவும். அந்த வகையில் சிறு தயாரிப்பாளருக்கும் நல்ல செய்தி. ஆனால் நம் ஊர் ஆலைகள் மறுபடியும் ஜாப் ஒர்க்கோடு திருப்தி அடைந்துவிட்டால், சந்தர்ப்பம் கையைவிட்டுப் போகும்.

■ செய்ய வேண்டியது

பெரிய மானியம், பெரிய பூங்கா என்று கேட்க வேண்டியதில்லை. நான்கு காரியங்கள் போதும்.

ஒன்று, பொதுவான மூலப்பொருள் கிடங்கு. கிண்டி போன்ற தொழிற்பேட்டையில் பூச்சுத் துணி, நாடா, கிளிப், ஜிப் ஆகியவற்றை மொத்தமாக வரவழைத்து, சிறு தயாரிப்பாளருக்கு 50 மீட்டர், 100 மீட்டராகப் பிரித்துத் தர வேண்டும். 1,000 மீட்டர் சுவர் அப்போது இடிந்துவிடும். பார்டேக் மெஷினும் தையல் மேல் டேப் ஒட்டும் மெஷினும் அங்கேயே வாடகைக்கு இருக்கட்டும்.

இரண்டு, அடையாறின் பாத அளவுகளும் தரமணியின் வடிவமைப்பு மாணவர்களும் பட்டறைக்கு வர வேண்டும். பாதத்தை அளந்ததுபோல நம் முதுகையும் அளக்கலாம். பெண்களின் தோள் அகலத்துக்கும் முதுகு நீளத்துக்கும் ஏற்ற பை இன்றும் அரிதாகத்தான் கிடைக்கிறது.

மூன்று, ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளின் அடிவாரத்தில் பையும் மழைக்கோட்டும் கைத்தடியும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். அவற்றைத் தமிழ்நாட்டுச் சிறு நிறுவனங்களிடம் வாங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை மலைக்குப் போகிறவர் புதிதாக வாங்கத் தேவையில்லை. வாடகைப் பை வாரம் தவறாமல் மலை ஏறுவதால், எது நிற்கும் எது பிய்யும் என்று ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அந்தப் பைகளைப் பராமரித்துத் தைக்கும் வேலை மலைக்கிராமப் பெண்களுக்குக் கிடைக்கலாம்.

நான்காவது நம் கையில் இருக்கிறது. பை வாங்கும்போது, “கிளிப் உடைஞ்சா எங்கே மாத்தித் தருவீங்க?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகவரியோடு பதில் சொல்பவரிடம் இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். மலையேற்றக் குழு வைத்திருப்பவர்கள், அடுத்த பயணத்துக்கு ஒரு தையல்காரரையும் அழைத்துப் போங்கள். அவர் தைத்த பையை அவரே சுமந்து ஏறட்டும். பட்டறை வைத்திருப்பவர்கள், பேட்டர்ன் வெட்டும் முன் மலைக்குப் போகிற பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

பெங்களூரில் ஒரு கூடாரத்தில் தொடங்கியது, கலிஃபோர்னியாவில் ஒரு கொல்லுலையில் தொடங்கியது. அங்கெல்லாம் முதலில் பணம் இருந்து தொழில் வரவில்லை. நடந்தவரே தைத்தார், தைத்தவரே நடந்தார், பணம் பின்னால் வந்தது. சென்னையில் நடப்பவர்களும் தைப்பவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் தொழில்முனைவோர் யாரோ, அவர் பெயரைத்தான் நாளை தி.நகர் கடைகளில் பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள்.